வழியனுப்பும் வண்டியில் ஓர் இடம்

குமரி மாவட்டத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களில் பாதிப்பேரை வழியனுப்பியவன் ஒரே ஆள்தான் என்றால் நம்ப மாட்டீர்கள். மீதிப் பாதிப்பேர் திரும்பி வந்தபோது, விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வந்தவனும் அவனே. இவர்களில் ஒருவர்கூட அவனுக்குச் சொந்தமில்லை. இதற்காக யாரும் அவனுக்குச் சம்பளம் கொடுக்கவும் இல்லை. அவன் ஒரு மாணவன். ஊர் பார்க்கப் போய்க்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

அவனுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. தேர்வு நுழைவுச் சீட்டில் அச்சாகியிருந்தது. அது அங்கேயே இருக்கட்டும். தேங்காய்ப்பட்டணம் முதல் கோட்டாறு வரை எல்லோருக்கும் அவன் 'ஏர்போர்ட்'. அவனுடைய உம்மாவே யாரிடமோ ஃபோனில், "ஏர்போர்ட் வீட்ல இல்ல, ஏர்போர்ட்டுக்குப் போயிருக்கான்" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

அவனை நான் முதலில் பார்த்தது வகுப்பறையில். நான் ஆசிரியர் என்று நினைத்துவிட வேண்டாம். நான் அவன் பக்கத்து இருக்கை மாணவன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் வாழ்நாளின் பெரும்பகுதி, மற்றவர்கள் போய்வந்த பயணங்களில் குற்றம் கண்டுபிடிப்பதில் கழிந்தது. அரசாங்க வேலையாக வெளியூர் போகிறவர்கள் பயணப்படி பில் போடுவார்கள். அதில் 'பயணத்தின் நோக்கம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஊறும். "நோக்கம் போதிய அளவு விளக்கப்படவில்லை" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்புவேன். பேச்சிப்பாறை அணையை ஆய்வு செய்யப் போன பொறியாளரிடம், ஆய்வுக்குப் பேச்சிப்பாறைக்கு ஏன் போனீர்கள் என்று கேட்டவன் நான். "அணை அங்கதான் சார் இருக்கு" என்றார். எனக்குத் திருப்தி ஏற்படவில்லை.

இப்படி ஊரார் கால்களையெல்லாம் கட்டிப்போட்ட நான், சென்னைக்கு ஒருமுறை போனதைத் தவிர எங்கேயும் போனதில்லை. ஓய்வு பெற்றபின் நாற்காலியில் சாய்ந்து கைபேசியில் காணொளி பார்க்கும் பழக்கம் வந்தது. முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு கல்லூரிப் பிள்ளைகள் வாரக் கடைசியில் ஏதாவது ஒரு நகரத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கைச்செலவுக் காசில் ஊரைச் சுற்றிவிட்டு, கடற்கரையில் உட்கார்ந்து பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

என் மூளை அலுவலக மூளை. மலிவாக ஊர் சுற்றுவது மாணவர்களுக்கு உரிய வசதி என்றால், முதலில் மாணவனாக வேண்டும். தொலைநிலைக் கல்வியில் வரலாறு எம்.ஏ.வுக்கு விண்ணப்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் நாகர்கோவிலில் நேர்முக வகுப்பு. படிப்பில் எனக்கு அக்கறையில்லை. அடையாள அட்டைக்காகக் காத்திருந்தேன்.

"இஞ்ச பாருங்க, ஊரு சுத்தணும்னா டிக்கெட் எடுத்துட்டுப் போனாப் போராதா? அதுக்கு எம்.ஏ. படிக்கணுமா?" என்றாள் என் மனைவி.

"எதற்கும் ஒரு முறை இருக்கிறது" என்றேன்.

முறை இருந்தது, அது என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ரயில் நிலையத்தில் மாணவர் சலுகை கேட்டு அட்டையை நீட்டினேன். சாளரத்துக்கு உள்ளே இருந்த பெண் என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஸ்டூடன்டைக் கூட்டிட்டு வாங்க தாத்தா" என்றாள். விதியைச் சொன்னேன். அவள் அதே விதியின் அடுத்த வரியைச் சொன்னாள். அதில் வயது இருந்தது. முழுக் கட்டணம் கொடுத்து மதுரைக்குப் போய், மலிவான ஒரு மாணவர் விடுதியின் வாசலில் நின்றேன். "பையனைப் பாக்க வந்தீங்களா? விசிட்டர் நேரம் சாயங்காலம்" என்றார் காவலாளி. அன்றைக்கே திரும்பி வந்துவிட்டேன்.

இந்தச் சோகத்தை மறு ஞாயிறு வகுப்பின் தேநீர் இடைவேளையில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், என் டிபன் பெட்டியிலிருந்த முந்திரிக்கொத்து ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைக் கவனித்தேன். பக்கத்து இருக்கைக்காரன் தின்றுகொண்டிருந்தான். எங்கள் வீட்டு முந்திரிக்கொத்து, அதாவது பாசிப்பயறும் வெல்லமும் சேர்த்துப் பிடித்துப் பொரித்த உருண்டை, கொஞ்சம் கடினமானது. விருந்தாளிகள் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். இவன் நிறுத்தவில்லை.

"சாரே, உங்களுக்கு ஊரு பாக்கணுமா, சலுக கிட்டணுமா?" என்றான்.

"இரண்டும்."

"ஊரு பாக்கச் சலுக எதுக்கு? ஒரு காரணம் இருந்தாப் போரும். சனிக்கிழம எங்க ஊர்ல இருந்து ஒரு ஏ.சி. மெக்கானிக் சவூதிக்குப் போறாரு. களியக்காவிளை முக்குல நில்லுங்க, வண்டி வரும்."

"அவர் உனக்கு யார்?"

"யாரும் இல்ல."

"எனக்கு?"

"அதவிட யாரும் இல்ல."

அவனுடைய முறை இதுதான். எங்கள் கடற்கரை ஊர்களில் ஒருவர் வளைகுடாவுக்குக் கிளம்பினால், திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு ஒரு வேன் பிடிப்பார்கள். வேன் நிறைய ஆள் போக வேண்டும். காலி இருக்கையோடு போன வண்டியைப் பற்றி ஊர் பேசும்; 'பாவம், வழியனுப்ப ஆளில்லை' என்று பரிதாபப்படும். ஆகவே எல்லா வண்டியிலும் ஏர்போர்ட்டுக்கு ஓர் இடம் உண்டு. காலையில் வழியனுப்புகிறவனாகப் போவான். பகல் முழுக்க நகரத்தைச் சுற்றுவான். சாயங்காலம், ஊருக்கு வருகிற வேறொருவரை அழைக்க வந்த வண்டியில், அழைக்க வந்தவனாகத் திரும்புவான்.

முதல் பயணத்தில் என் நரைத்த தலையைப் பார்த்து முன் இருக்கையில் உட்கார வைத்தார்கள். "பெரியவரு யாரு?" என்று மெக்கானிக்கின் மனைவி கேட்டாள். "கருவூலத்துல பெரிய ஆபீசரா இருந்தவரு. இவரு கைகாட்டி அனுப்புனா போன காரியம் நடக்கும்" என்றான் ஏர்போர்ட் கண் இமைக்காமல். என் கையில் பில்லைக் கொடுத்தவர்கள் யாராவது அந்த வண்டியில் இருந்திருந்தால் வெடித்துச் சிரித்திருப்பார்கள்.

பதவி கிடைத்தால் நான் சும்மா இருப்பதில்லை. எல்லா ஆவணத்துக்கும் மூன்று நகல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பாறசாலை வரை விளக்கினேன். "சாரே, நான் போறது இது அஞ்சாவது தடவயாக்கும்" என்றார் மெக்கானிக். "அப்படியானால் ஐந்து நகல்" என்றேன்.

விமான நிலைய வாசலில் எல்லோரும் அழுதார்கள். பயணச்சீட்டு இல்லாதவர்கள் உள்ளே போக முடியாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கை காட்டினோம். கொஞ்ச நேரத்தில் மெக்கானிக் இரண்டு பொட்டலங்களோடு வாசலுக்குத் திரும்பி வந்தார். எடை கூடிவிட்டது. அவருடைய பெட்டியை மீன் துறைமுகத்தில் ஒரு வியாபாரியின் தராசில் நிறுத்திருந்தார்கள். வள்ளக்காரர்களிடம் மீன் எடுக்கிற தராசு அது. எதை வைத்தாலும் குறைத்துத்தான் காட்டும்.

வந்தவை மெக்கானிக்கின் மனைவி செய்த, அச்சுமுறுக்கு போன்ற அச்சப்பமும் மீன் அச்சாறு என்கிற ஊறுகாயும். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து அங்கேயுள்ள பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்ட பார்சல்கள் எல்லாம் பெட்டியிலேயே இருந்தன.

"இவள் பாவமில்லையா? விடியற்காலையில் எழுந்து செய்திருப்பாள். அடுத்த வீட்டுப் பார்சலில் ஒன்றை எடுத்திருக்கலாமே" என்றேன்.

ஏர்போர்ட் என்னை ஏதோ தகாத வார்த்தை சொன்னவனைப் போலப் பார்த்தான். "அடுத்த வீட்டுப் பார்சலத் தொடப்பிடாது சாரே. அது அமானிதம், நம்மள நம்பிக் குடுத்த பொருளு. அங்க ஒருத்தன் காத்திட்டு இருப்பான். எட கூடுனா நம்ம வீட்டுச் சாதனத்தத்தான் வெளிய எடுக்கணும். சொந்தக்காரங்க கோவிக்க மாட்டாங்கல்லா?"

அந்தப் பெண்ணும் கோபித்துக்கொள்ளவில்லை. அச்சப்பப் பொட்டலத்தை வாங்கி அப்படியே ஏர்போர்ட்டின் கையில் கொடுத்தாள். வண்டி ஊருக்குத் திரும்பும்முன் அவன் டிரைவரிடம் ஓடிப்போய், "அண்ணே, பாறசாலையில நிறுத்தி எல்லாருக்கும் சாயா வாங்கிக் குடுங்க. அழுதவங்களுக்குப் பசிக்கும், ஆனா வாய்விட்டுக் கேக்க மாட்டாங்க" என்றான்.

பிறகு நாங்கள் சங்குமுகம் கடற்கரையில் உட்கார்ந்து அச்சப்பத்தைத் தின்றோம். "எட கூடணும்னு வேண்டிக்கிடுங்க சாரே. எட சரியா இருக்கிற அன்னைக்கு நமக்குப் பட்டினியாக்கும்" என்றான். நான் மனதார வேண்டிக்கொண்டேன்.

அருங்காட்சியகத்தில் மாணவர் அட்டையை விடாமல் நீட்டினேன். சீட்டுக் கொடுத்தவர், "அம்மாவா, இது கொச்சுமோன்றெ கார்டாணோ?" என்றார். பெரியவரே, இது உங்கள் பேரனுடைய அட்டையா என்று அர்த்தம். ஏர்போர்ட் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனிடம் யாரும் அட்டை கேட்கவே இல்லை. மிருகக்காட்சிசாலையில் நீர்யானை ஒன்று தண்ணீரை விட்டு எழுந்து, அரை வட்டம் நடந்து, மறுபடியும் தண்ணீரிலேயே படுத்தது. அதன் நோக்கமும் போதிய அளவு விளக்கப்படவில்லை. ஆனால் அன்றைக்கு நான் சிவப்புப் பேனா கொண்டு போகவில்லை.

சாயங்கால வண்டியில் ஊர் திரும்பினேன். வந்திறங்கியவரின் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி என் மடியில் இருந்தது. அந்த மனிதர் மகிழ்ச்சி தாங்காமல் ஒரு வாசனைப் புட்டியைப் பிரித்து வண்டியில் இருந்த எல்லோர் மேலும் அடித்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி இரண்டு முறை மூக்கை உறிஞ்சினாள். "வரலாறு வகுப்புல இப்பம் இப்படியெல்லாமா மணக்கும்?" என்றாள்.

அதன்பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. திருவனந்தபுரம், கொச்சி, மதுரை என்று போய்க்கொண்டே இருந்தோம். விமானம் இறங்காத ஊர் எதுவும் ஏர்போர்ட்டின் இந்தியாவில் கிடையாது. "தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்க்க வேண்டாமா? நாம் வரலாற்று மாணவர்கள்" என்றேன் ஒருமுறை. "அங்கேருந்து துபாய்க்கு பிளேன் உண்டா சாரே?" என்று கேட்டான். இல்லை என்றதும் அந்தப் பேரரசு அத்தோடு முடிந்தது.

கொச்சியில் ஒருமுறை நான் அழுதுவிட்டேன். ஓர் இளைஞன் தன் கைக்குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான். எனக்கு அழுகை சத்தமாகவே வந்துவிட்டது. உள்ளே போன அவன் திரும்பி வந்து என் தோளைத் தட்டி, "பெரியவரே, விசனப்படாதீங்க, ரெண்டு வருஷத்துல வந்துருவேன்" என்றான். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவனுடைய மாமனார் என்னிடம் கைக்குட்டை நீட்டினார். "ஆபீசர் சார், இப்படி அடக்கமில்லாம அழப்பிடாது. வீட்டுக்காரங்களுக்கு இடம் விடணும்" என்று ஏர்போர்ட் பிறகு கண்டித்தான்.

எதையும் சிரித்துக்கொண்டே தாங்குகிறவன், ஒன்றுக்கு மட்டும் கொதிப்பான். இப்போதெல்லாம் சில பிள்ளைகள் வீட்டுக்குச் சொல்லாமலே ஊருக்கு வருகிறார்கள். திடீரென்று வாசலில் நின்று, உம்மா அலறுவதைக் காணொளி எடுக்கிறார்கள். "சர்ப்ரைஸாம் சர்ப்ரைஸ்! வெளிய வரும்போது வாசல்ல ஒரு ஆளு இல்லேன்னா ஊருக்கு வந்த மாதிரியா இருக்கும்? ஒருத்தருக்குத் தெரியாம ஒரு காரியத்தச் செய்து அத நல்லதுன்னு நினைக்குறானுவளே, வெளங்காத பயலுவ!" என்பான். அவனுடைய திரும்பும் வண்டி போச்சே என்கிற கோபமும் அதில் இருந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த வாக்கியத்தை நான் இன்னும் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

"எல்லோரையும் ஏற்றி விடுகிறாயே, நீ எப்போது போவாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் போகல்ல."

"ஏன்?"

"வாப்பா போனாரு. எனக்கு மூத்த ரெண்டு காக்காமாரும் போனாங்க. எங்க வீட்டு ஆம்பிளைங்கள நான் ஃபோன்லதான் கூடுதலாப் பாத்திருக்கேன். ஒருத்தனாவது ஊர்ல நிக்கணும்லா சாரே? உம்மாக்கு மருந்து வாங்கணும். ஃபியூஸ் போனா போடணும்."

அவனுடைய மாமா விசாவோடு தயாராக இருந்தார். படிப்பு முடிந்ததும் போக வேண்டும் என்பது உம்மாவிடம் அவன் கொடுத்த வாக்கு. அதனால் படிப்பு முடியவே இல்லை. ஒரு எம்.ஏ. தவறிப்போய்த் தேர்வாகிவிட்டது, உடனே இரண்டாவதில் சேர்ந்தான். அதில் எல்லாத் தாளும் முடிந்து ஒரே ஒரு தாள் நின்றது. ஒவ்வொரு தேர்விலும் அதில் மட்டும் கொஞ்சத்தில் தோற்றான். "நான் ஜெயிச்ச அன்னைக்கு என்னப் பிளேன்ல ஏத்திருவாங்க சாரே" என்று என்னிடம் தமிழில்தான் சொன்னான்.

நான் நம்பவில்லை. மனிதர்கள் எழுதிக் கொடுத்த சாக்குகளைக் காலமெல்லாம் படித்தவன் நான். தோற்ற பையன் கௌரவத்துக்காக ஏதோ சொல்கிறான் என்று தீர்மானித்தேன். அவனுடைய மதிப்பெண்ணைப் பார்த்தேன். மயிரிழையில் போயிருக்கிறது. மறுமதிப்பீடு என்று ஒரு நடைமுறை இருப்பது இந்தப் பிள்ளைகளுக்கு எங்கே தெரியப்போகிறது? எனக்குத் தெரியும். எனக்கு எல்லாமே தெரியும்.

திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் யாருக்கோ காத்திருந்தபோது விண்ணப்பத்தை நீட்டினேன். அவன் கண்ணாடிக் கதவிலிருந்து கண்ணை எடுக்காமலே கையெழுத்துப் போட்டான்.

"என்னத்துக்கு சாரே?"

"சர்ப்ரைஸ்" என்றேன். கதவு திறந்து ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். அவன் காதில் விழவில்லை.

மறுமதிப்பீட்டில் அவன் தேறிவிட்டதாக முடிவு வந்ததும் லட்டு வாங்கிக்கொண்டு தேங்காய்ப்பட்டணத்துக்கு பஸ் ஏறினேன். நேரில் சொல்ல வேண்டிய செய்தி அல்லவா? உம்மா முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "படச்சவன்தான் உங்கள அனுப்பிருக்கான் சாரே" என்றார். மாமாவும் அங்கே இருந்தார். அவர் லட்டைத் தொடுவதற்கு முன்பே ஃபோனை எடுத்துவிட்டார். மருந்துப் பையோடு உள்ளே வந்த ஏர்போர்ட், எல்லோர் முகத்தையும் பார்த்தான். கடைசியாக லட்டைப் பார்த்தான்.

"சாரே, நீங்க என்ன செய்திருக்கியன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றான் மெதுவாக.

அப்போதுதான் தெரிந்தது.

உடனே சமாளிக்கப் பார்த்தேன். மாமாவிடம் பி.எட்., கூட்டுறவுப் பட்டயம், நூலக அறிவியல் என்று மடமடவென்று அடுக்கினேன். "இவனை இன்னும் கொஞ்சம் படிக்க வைத்தால்..."

"இனியும் படிக்க வச்சா இவனுக்குப் பென்ஷன்தான் கிட்டும் சாரே" என்றார் மாமா.

வீட்டுக்கு வந்து விதிகளைப் புரட்டினேன். தோல்வியை வெற்றியாக மாற்ற வழி இருக்கிறது. வெற்றியைத் திரும்பத் தோல்வியாக்க வழியில்லை. மனிதன் அப்படி ஒன்றைக் கேட்பான் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. அவன் வகுப்புக்கு வருவது நின்றது. ஃபோனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் என் மனைவி டிபன் பெட்டியைத் திறந்து, "முந்திரிக்கொத்து அப்படியே இருக்கே, அந்தப் பிள்ளைக்குச் சுகமில்லையா?" என்பாள்.

பயணம் முடிவானதும் உம்மாதான் அழைத்தார். "சாரும் வரணும்." என் மனைவி ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வேறென்ன, முந்திரிக்கொத்துதான். அதோடு களியக்காவிளை முக்கில் நின்றேன். வேன் வந்தது. பின்னால் இன்னொரு வேன், அதன் பின்னால் கார்கள். விடுப்பில் வந்திருந்தவர்கள், அவன் ஏற்றிவிட்டவர்களின் வீட்டார் என்று பாதிக் கடற்கரையே கிளம்பியிருந்தது. எந்த வண்டியிலும் காலி இடமில்லை. எனக்கு மட்டும் அவன் பக்கத்தில் ஓர் இடம் விட்டிருந்தார்கள்.

"ஏறுங்க சாரே" என்றான். பொட்டலத்தை வாங்கிப் பெட்டியில் வைத்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். புதுச் சட்டையின் மடிப்பு அவன் முதுகில் அப்படியே இருந்தது. பாறசாலை தாண்டியது, நெய்யாற்றின்கரை தாண்டியது. மூன்று நகல் எடுத்தாயா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

விமான நிலையத்தில் இறங்கியதும் அவன் பழைய ஏர்போர்ட் ஆகிவிட்டான். "உம்மா, இங்க நின்னு அழாதீங்க, வண்டி திருப்புற இடம். அந்தத் தூணுக்கிட்டப் போயிருங்க, அங்க நெழலு உண்டு. மாமா, சின்னப் பிள்ளைகளக் கண்ணாடிக்கு முன்னால நிறுத்துங்க." தன்னுடைய வழியனுப்பலையும் தானே நடத்தினான். பிறகு பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

போனவன் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டான்.

எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறான். ஒருமுறைகூட அந்தக் கண்ணாடியைத் தாண்டியதில்லை. வாசலுக்கு இந்தப் பக்கம் ஒவ்வொரு தூணும் அவனுக்கு உறவு. அந்தப் பக்கம் எங்கே நிற்பது என்றுகூடத் தெரியவில்லை. ஆட்கள் அவனை இடித்துக்கொண்டு போனார்கள். அவன் திரும்பினான். உம்மாவைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் தேடி என்னைப் பார்த்து, உள்ளங்கையை விரித்து, 'எங்க?' என்பதுபோல் ஆட்டினான்.

விடுமுறைப் பயணச் சலுகையில் ஒரே ஒருமுறை சென்னைக்கு விமானத்தில் போனவன் நான். அந்த அனுபவம் முழுவதையும் திரட்டிக் கண்ணாடி முன் நின்று காட்டினேன். இடது பக்கம் போ. வரிசையில் நில். கடவுச்சீட்டை நீட்டு. பெட்டியைத் தூக்கி வை. இப்படி, குனிந்து, முழங்காலை மடக்கித் தூக்கு. என் வயதில் யாரும் பொது இடத்தில் அவ்வளவு ஆடியிருக்க மாட்டார்கள். "கதகளியா?" என்று பின்னால் ஒரு குழந்தை கேட்டது. அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு இடது பக்கம் போனான்.

கொஞ்ச நேரத்தில் வாசலுக்குத் திரும்பி வந்தான். எடை கூடிவிட்டது. வழக்கமான மீன் தராசு.

கையில் மூன்று பொட்டலங்கள். உம்மா செய்த அச்சாறு. அவன் தங்கை செய்த நேந்திரங்காய் வற்றல். மூன்றாவது, என் மனைவி கட்டிக் கொடுத்தது.

என் முகம் விழுந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்தும் கோபம் தீரவில்லையே, நான் கொடுத்ததைத் திருப்பித் தருகிறானே என்று நினைத்தேன். பொட்டலத்தை என் கையில் வைத்து, மேலே தன் கையையும் வைத்தான்.

"ஊர்க்காரங்க பார்சல் ஒண்ணும் எடுக்கல்ல சாரே. எல்லாம் உள்ள இருக்கு" என்றான். அப்புறம், "ஒண்ணே ஒண்ணு தின்னுட்டேன்" என்றான். வாயில் இன்னும் மென்றுகொண்டுதான் இருந்தான். உள்ளே போய்விட்டான்.

எனக்கு எந்தக் கோப்பும் தாமதமாகத்தான் நகரும். உம்மாவின் கையிலிருந்த இரண்டு பொட்டலங்களையும் என் கையிலிருந்த ஒன்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொச்சியில் அழுததைவிட அதிகமாக அழுதேன். இந்தமுறை யாரும் கைக்குட்டை நீட்டவில்லை. அவரவர்க்கு அவரவர் கைக்குட்டை தேவைப்பட்டது.

திரும்பும்போது வண்டியில் யாரும் பேசவில்லை. பாறசாலைக் கடைகள் தெரிந்தன. டிரைவர் வேகத்தைக் குறைத்தார். சொல்ல வேண்டியவன் வண்டியில் இல்லை என்பது நினைவுக்கு வந்ததோ என்னவோ, மறுபடியும் வேகமெடுத்தார்.

"நிறுத்துங்க, எல்லோருக்கும் சாயா வேண்டும்" என்றேன் நான். "அழுதவங்களுக்குப் பசிக்கும்."

முந்திரிக்கொத்தை உம்மா பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார். மாமா ஒன்றைக் கடித்துவிட்டு, "பல்லுக்கு வேல உண்டு" என்றார். அதன்பிறகு வண்டியில் பேச்சு வந்தது.

இப்போது மாதம் ஒருமுறை உம்மாவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு போய்வருகிறேன். ஃபியூஸ் போட எனக்குத் தெரியாது. ஆனால் மின்வாரியத்துக்கு எழுதினால் அன்றைக்கே ஆள் வரும்படி எழுதத் தெரியும். அவன் அங்கே ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். விடுமுறை நாளில் ஃபோன் பண்ணுவான். "சாரே, இங்க மூணு ஊரு பாத்தாச்சு." எப்படி என்று கேட்டால், "ஊருக்கு வாறவங்கள ஏர்போர்ட்ல விட தினமும் வண்டி போகும்லா?" என்பான். எடை கூடினால் பேரீச்சம்பழம் கிடைக்குமாம்.

அடுத்த மாதம் விடுப்பில் வருகிறான். சர்ப்ரைஸ் எல்லாம் இல்லை. எல்லோருக்கும் முறைப்படி சொல்லிவிட்டான். உம்மா வேன் பேசியாகிவிட்டது. இதற்குள் நானும் எம்.ஏ. தேறிவிட்டேன், மாணவர் அட்டையும் காலாவதியாகிவிட்டது. ஆகவே இனி நான் முழுக் கட்டண மனிதன். வண்டியில் எனக்கு இடம் உண்டா என்று உம்மாவிடம் கேட்டேன். "இது என்ன கேள்வி சாரே?" என்று ஃபோனை வைத்துவிட்டார்.

பயணத்தின் நோக்கம் போதிய அளவு விளக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தூணுக்குப் பக்கத்தில், வெளியே வருகிறவன் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் நிற்பேன்.